உயிரோடிருக்கும் மருமகன்

பதினோராவது தடவையும் சம்பந்தி போனை எடுக்கவில்லை. மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. கோவிந்தப்பன் போனை லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு, எதிரே நின்ற மனைவி மேகலாவை முறைத்தார்.

"என்னை என்னாத்துக்கு மொறைக்கிறீங்க? நானா எடுக்கல?"

"சனிக்கெழம வூடு பாக்க வாங்கன்னு அந்தாளுதான சொன்னாரு? அந்தச் சனியும் போச்சு, அடுத்த சனியும் போச்சு."

சாமல்பட்டி மாப்பிள்ளை வீட்டார் வந்து மகள் சுப்ரியாவைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போயாகிவிட்டது. அடுத்து பெண் வீட்டார் போய் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் நிச்சயம். அதுவரை பெண் வீட்டார் அந்தப் பக்கம் காலடி வைப்பது முறையில்லை. இப்போது அவர்கள் கூப்பிடவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை.

"அவரும் மெசேஜ பாக்குறாரு, ரெண்டு புளூ டிக் வுழுது. பதிலுதான் வரல," என்றாள் சுப்ரியா. ஓசூரில் செல்போன் பாகம் பூட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மாப்பிள்ளை மணிகண்டனும் ஓசூரில்தான், பைக் கம்பெனியில். நாலு நாளாக அவள் கம்பெனி பஸ்ஸில் கொண்டுபோன டிபன் பாக்ஸ் போன கனத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது.

காரணம் அவர்கள் ஊரான நாகரசம்பட்டி முழுக்கத் தெரிந்ததுதான். டிவியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பேய்க்கதை போடுகிறார்கள். ஒரு வாரம் வந்த பேய் அடுத்த வாரம் வராது, வேறு பேய் வரும். போன மாதக் கடைசியில் போட்டது ஒரு குடும்பத்துச் சாபம். அந்த வீட்டில் பெண் எடுத்த மருமகன் எவனும் ஒன்பது மாதத்தைத் தாண்ட மாட்டான். ஒருவன் கிணற்றில், ஒருவன் கரண்டில் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். கதை ஆரம்பிக்கும்போது அந்த வீட்டைக் காட்டினார்கள். நீலக் கம்பிக் கதவு, வாசலில் மாமரம், 'சரோஜம்மாள் இல்லம்' என்று வெட்டிய கருப்புக் கல். தான் வேலை செய்யும் பர்கூர் கிரானைட் யூனிட்டில் மிச்சம் விழுந்த துண்டில் கோவிந்தப்பன் தன் கையால் இழைத்து, மாமியார் பேரை வெட்டி வைத்த கல் அது.

மூன்று மாதத்துக்கு முன் சுரேந்தர் ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தான். சுரேந்தர் ஓசூர்ப் பக்கம் நிலம் காட்டுவான், இடையில் கல்யாணம் முடித்து வைப்பான், இப்போது ஷூட்டிங்குக்கு வீடும் பிடித்துத் தருகிறான். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவன்தான். நெய் விளம்பரம் என்றான். குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாட்டுக்குக் காட்டப் போகிறார்கள் என்றான். ஒரு பகல் முழுக்க வாசலில் கேமராவை வைத்து எடுத்தார்கள். மேகலா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

கதை வந்த அன்று கோவிந்தப்பனுக்கு இரண்டாவது ஷிப்ட். மறுநாள் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டைப் பார்த்தார். வாசல் வந்தது, கல் வந்தது, பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அத்தோடு போனை வைத்துவிட்டார்.

"முழுசாத்தான் ஒருக்கா பாருங்களேன்," என்றாள் மேகலா.

"பாக்க மாட்டேன். நான் பாத்தா பாத்தவங்க கணக்குல இன்னும் ஒண்ணு ஏறும். அவனுக்கு நான் ஏத்தி வுடணுமா?"

அவருடைய கோபம் நியாயமான கோபம். அவர் வீட்டோடு வந்த மாப்பிள்ளை.

"இந்த வூட்டு மருமவன் நான்தான? இருவத்தி நாலு வருசமா உசுரோட இருக்கேன். படம் எடுக்கறதுக்கு மின்ன ஒருத்தனாவது என்னைக் கேட்டானா?"

"கேட்டிருந்தா அவனுக்குக் கதையே இல்லையே," என்றாள் மேகலா.

சுரேந்தரின் போன் அணைந்தே கிடந்தது. கூட வேலை செய்யும் பஷீர் அஹமது எங்கோ தேடிப் பிடித்து டிவி ஆபீஸ் நம்பரைக் கொடுத்தார். ஒரு பெண் எடுத்தாள். மரியாதையான பெண்.

"எல்லாமே கற்பனைன்னு முதல்லயே எழுத்து போடுறோம் சார்."

"ரெண்டு செகண்டு போடுறீங்க. அதுக்குள்ள எவன்மா படிச்சி முடிப்பான்?"

"நீங்க யாரு சார் பேசறது?"

"அந்த வூட்டு மருமவன்."

"உயிரோட இருக்கீங்களா சார்?"

"பின்ன எவன்மா பேசறது?"

"லைன்லயே இருங்க சார்."

இருந்தார். அடுத்து வந்தவரையும், அதற்கடுத்து வந்தவரையும் இருபது நிமிடம் திட்டினார். மனசு கொஞ்சம் ஆறியது. அடுத்த வெள்ளிக்கிழமை விளம்பர இடைவேளையில் திரை கருப்பானது. நாய் ஊளையிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் இழுத்து இழுத்துப் பேசியது. "அந்த வூட்டு மருமவன்... பின்ன எவன்மா பேசறது..."

"ப்பா, உங்க குரலு," என்றாள் சுப்ரியா. சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பஷீர்தான் யோசனை சொன்னார். "பேசினாத்தான வம்பு? போட்டோவப் போட்டு ஒரு பேனர் கட்டுண்ணா. இந்த வூட்டு மருமவன் முழுசா இருக்கான்னு ஊரு பாக்கட்டும்."

பர்கூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் ஹரீஷ்குமார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சீரியஸா வேணுமாண்ணா, ஜாலியா வேணுமா?"

"எம் பொண்ணு வாழ்க்கடா இது. சீரியஸாவே போடு."

சீரியஸாகவே போட்டான். கருப்பு நிறம். நடுவில் முட்டை வடிவத்துக்குள் கோவிந்தப்பனின் கம்பெனி அடையாள அட்டைப் படம். இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு. கீழே 'இவ்வீட்டு மருமகன் கோவிந்தப்பன், 2001 முதல் 2025 வரை எங்களோடு நலமாக வாழ்கிறார்' என்று எழுத்து. பஸ் நிறுத்தத்தில் கட்டினவர்கள் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று ஓரத்தை இழுத்து கரண்டு கம்பத்தைச் சுற்றிக் கட்டினார்கள். 'நலமாக வாழ்கிறார்' கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டது.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார். பஷீருக்கு அன்று லீவு. யூனிட்டில் மிஷின் ஒன்றும் ஓடவில்லை. முப்பது பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். யாரோ பெரியவர்கள் போயிருக்க வேண்டும். கோவிந்தப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றார். பக்கத்தில் அதே ஊர்க்கார ராமப்பன் கண்ணை மூடியிருந்தார்.

"யாரு ராமப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நம்ம கோவிந்தப்பந்தான். வாய் கொஞ்சம் நீளம், மத்தபடி நல்ல மனுசன்."

ராமப்பன் கண்ணைத் திறந்தார். திறந்தவர் அப்படியே பக்கத்திலிருந்த கல் பலகை மேல் சாய்ந்துவிட்டார். அவரைத் தண்ணீர் தெளித்து எழுப்ப இன்னும் பத்து நிமிடம் மிஷின் நின்றது.

சூப்பர்வைசர் மாலூர்க்காரர். தமிழ் பேசினாலும் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் தொடங்குவார். "ஏனப்பா இது? பேனர்ல நீ, கேட்டுலயும் நீ. வாட்ஸ்அப்ல போட்டோ பார்த்ததுமே நான் ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேன். உன் பேர எடுத்தாச்சு."

"எப்ப சார் எடுத்தாங்க?"

"இப்பத்தான், அரை மணி ஆச்சு."

கோவிந்தப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையுறை கேட்டால் ஆறு மாதம் ஆக்குகிறவர்கள் பேரை எடுக்க அரை மணி எடுத்திருக்கிறார்கள். கேட்டில் இருக்கும் மிஷினில் கட்டைவிரலை வைத்தார். இருபது வருஷம் கல்லை இழைத்ததில் ரேகை தேய்ந்து, அது தினமும் மூன்று தடவை முரண்டு பிடித்துத்தான் ஒத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒரேயடியாக முடியாது என்றது.

"சரி பண்ண எத்தன நாளு சார் ஆவும்?"

"இருக்கற ஆளப் புதுசா சேக்கறது சுலபம். போன ஆளத் திருப்பிக் கொண்டுவர கம்ப்யூட்டர்ல வழியே இல்லப்பா. பாக்கறேன், போ."

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஏழெட்டு மாலை. மாமரத்தடியில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேகலா ஒவ்வொருவரிடமும், "அவரு இல்லீங்க, வேலைக்குப் போயிட்டாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் தலையை ஆட்டி, "மனசத் தேத்திக்கம்மா," என்றார்கள்.

கோவிந்தப்பன் மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பேனரின் மூன்று முடிச்சை அவிழ்த்தார். நாலாவது முடிச்சில் ஏணி வழுக்கியது. வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேரைக் கேட்டு எழுதினாள், ஊரைக் கேட்டதும் பேனாவை நிறுத்தினாள். "டிவில வந்த வூடாண்ணா? எத்தனாவது மாசம்?"

"எரநூத்தி தொண்ணூறாவது மாசம்மா. எழுதிக்க."

டீக்கடையில் சாபம் இப்போது கைக்கு வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தப்பன் வெள்ளைச் சட்டையை ஒரு கையால் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"கூப்பிடாம போறது மொறையில்லீங்க," என்றாள் மேகலா.

"மொற தெரிஞ்சவங்க போன எடுப்பாங்க. வேணாம்னா வேணாம்னு எம் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

"ப்பா, அங்க போய்க் கத்தாதீங்க," என்றாள் சுப்ரியா. கொஞ்சம் பொறுத்து, "அவரு இருந்தா, நான் கேட்டேன்னு சொல்லுங்க," என்றாள்.

பஷீர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். சாமல்பட்டியில் மாப்பிள்ளையின் அப்பா கிருஷ்ணப்பன் வாசலுக்கு ஓடி வந்தார். மாவுக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"கை... எப்ப?"

"நாலு நாளாச்சு. அது கெடக்கட்டும். உள்ளார போயிப் பேசலாமா?"

"உள்ளார எதுக்குங்க? புளியமரத்தடில நல்லா காத்து வருது. நாற்காலி போடச் சொல்றேன்."

"வாசலோடயே அனுப்பலாம்னு பாக்கறீங்களா?" கோவிந்தப்பன் அவரைத் தாண்டி உள்ளே நுழைந்தார். பழைய வீடு. அகலமான கூடம். நடுவில் கைவைத்த பெரிய தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது. போய் அதில் உட்கார்ந்தார். மணிகண்டனும் அவன் அம்மாவும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். பின்னால் வந்த பஷீர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மேலே உத்திரத்தைப் பார்த்தார், கீழே நாற்காலியைப் பார்த்தார், கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அந்தக் கதைய பாத்தீங்க இல்ல?" என்றார் கோவிந்தப்பன்.

"பாத்தோங்க," என்றார் கிருஷ்ணப்பன். "நீங்களும் பாத்திருப்பீங்க."

"நான் பாக்கல, பாக்கவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு வூட்டக் காட்டி இங்க சாவு வுழுதுன்னா, அதுல ஆளுங்க குடியிருக்க வேணாமா? அந்த வூட்டுப் புள்ளைக்குக் கல்யாணம் காச்சி நடக்க வேணாமா?"

கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதையேதாங்க நானும் இத்தன நாளா கேட்டுக்கினு இருக்கேன்."

"அந்த சுரேந்தர்..."

"அவன் பேர இந்த வூட்ல எடுக்காதீங்க," என்றாள் மணிகண்டனின் அம்மா.

கோவிந்தப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் விடவில்லை. "சாபமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இருவத்தி நாலு வருச மருமவன் உக்காந்திருக்கேன், தொட்டுப் பாருங்க. சம்பந்தம் வேணுமா வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் பொண்ணு சோறு திங்கறதில்ல."

மணிகண்டன் சட்டென்று நிமிர்ந்தான். "வேணும் மாமா."

"எங்களுக்கு வேணுங்க," என்று கிருஷ்ணப்பனும் கையைப் பிசைந்தார். "வூட்ட நேர்ல பாத்த பின்னாடியும் உங்களுக்கு மனசு மாறலையா?"

"வூட்டுக்கு என்னாங்க கொறச்சல்? மகராசனா உக்காந்திருக்கேன்."

மணிகண்டனின் தங்கை சரிதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்தில் வராமல், எட்ட நின்றே கையை நீட்டினாள்.

"கொஞ்சம் எழுந்து இப்பிடி வந்து குடிங்க மாமா. டிவில வாசல் மட்டுந்தான் உங்க வூடு, உள்ளார எடுத்ததெல்லாம் எங்க வூடு, அதத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்கன்னுதான் அப்பா போன எடுக்கல. கடைசி மருமவன் ரத்தங்கக்கிச் செத்தது நீங்க உக்காந்திருக்கற நாற்காலியிலதான்."