கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது

நாலு பாக்கெட் பனீரை ஃப்ரிட்ஜில் அடுக்கி முடித்த கையோடு வனஜா போனை எடுத்துப் பார்த்தாள். மகன் பரத் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"அம்மா, பார்கவிக்குக் கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது. ரெண்டுல எது சேர்ந்தாலும் உடம்புக்கு வந்துடும். ஞாயித்துக்கிழமை பாத்து சமைம்மா."

வனஜா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பார்கவி மருமகளாக வரவேண்டும் என்று ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டிருப்பவள் அவள். பெண்ணின் அப்பா கோவிந்தப்பா கன்னடக்காரர், ஒற்றைப் பெண்ணைப் பெற்றவர். "பாஷை வேறயா இருந்தா இருக்கட்டும். அந்த வீட்ல என் மக வயிறு வாடாம இருப்பாளான்னு ஒரு வேளை உக்காந்து சாப்பிட்டுப் பாத்துதான் நிச்சயதார்த்தத் தேதி சொல்வேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேளைதான் இந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வியாழன்.

வனஜா ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே கேன்டீன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து, போனில் வீடியோவும் பார்த்து, விருந்தாளி என்று யார் வந்தாலும் அவர்கள் குடியிருக்கும் நீலசந்திரா ஏரியாவிலேயே யாரும் செய்யாததாகத்தான் செய்வாள். ஒயிட் சாஸ் பாஸ்தா, பனீர் பட்டர் மசாலா, சீஸ் துருவிய பீட்சா. வீடு தேடி வந்தவர்களுக்குச் சோறும் குழம்பும் போட்டு அனுப்புவது அவளைப் பொறுத்தவரை மகா அவமரியாதை. இதுவரை எந்த விருந்தாளியும் அவளிடம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. எல்லோருக்கும் கூச்சம் என்று நினைத்துக்கொள்வாள்.

அடுகோடி லேத் பட்டறையிலிருந்து வந்த கணவர் உத்தமனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இதுக்குப் போய் என்ன கவலை? சோறு வடிச்சு ஒரு குழம்பு வை. முடிஞ்சுது."

"சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு சோறும் குழம்புமா? நம்மள என்னன்னு நினைப்பாங்க?"

"வேற என்ன செய்ய முடியும்? கோதுமையும் கூடாது, பாலும் கூடாது."

"ஏன் முடியாது? பீட்சாவே செய்யப் போறேன். ராகியில."

உத்தமன் வாயில் வைத்த காபி வழி தெரியாமல் மூக்குக்கு ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், இரண்டு கிலோ ராகியை மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு ஐரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாவுப் பையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு முன்னாடி அந்த மெஷின்ல யாரு அரைச்சாங்க?"

"மெஸ்காரரு. சப்பாத்திக்குக் கோதுமை."

"போச்சு. மெஷின்ல ஒட்டியிருந்த கோதுமையெல்லாம் உங்க ராகியிலதான் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஒரு சிட்டிகையே போதும்."

இரண்டு கிலோ மாவும் ஐரின் வீட்டுக்குப் போனது. சனிக்கிழமை காலை மில் திறக்கும்போதே வனஜா புது ராகியோடும், மெஷினைச் சுத்தப்படுத்த இரண்டு கிலோ அரிசியோடும் வாசலில் நின்றாள். முதலில் அரிசியைப் போட்டு ஓட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். பின்னால் ஏழு பேர் கோதுமை டப்பாவோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, நாங்களும் மனுஷங்கதானே?" என்றார் ஒருவர்.

"கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. எங்க வீட்டுக் கல்யாணம் இந்த மெஷினுக்குள்ளதான் இருக்கு" என்றாள் வனஜா.

ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்தால், ஐரின் மூக்குக் கண்ணாடியோடு அவள் சமையலறை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தாள்.

"சோயா சாஸ்ல கோதுமை. சூப் பவுடர்ல பால் பவுடர். அக்கா, இந்தப் பெருங்காயத்துலயும் கோதுமை மாவு கலந்திருக்கு."

"பெருங்காயத்துலயுமா? அடப்பாவிகளா!"

பாதி அலமாரி காலியானது. பனீரும் பாஸ்தாவும் சேர்ந்து ஐரின் வீட்டுக்கே குடிபோயின.

மதியம் ஒத்திகை. ராகி மாவைப் பிசைந்து தட்டினால் விண்டது. தண்ணீர் விட்டால் கையோடு வந்தது. அரிசி மாவு சேர்த்து ஓவனில் வைத்து எடுத்தால், கூரையில் போடுகிற ஓடு பதத்துக்கு வந்தது. சீஸுக்குப் பதிலாக முந்திரியையும் உருளைக்கிழங்கையும் அரைத்து மேலே ஊற்றியிருந்தாள். அது ஆறியதும் ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற பட்டி மாதிரி இறுகிவிட்டது. உத்தமன் ஒரு துண்டைக் கடித்தார். சத்தம் கூடம் வரை கேட்டது.

"எப்படி இருக்கு?"

தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "பல்லு ஆடல."

"பீட்சாவைக் கேட்டேன்."

"வனஜா, நல்லபடியா சொல்றேன் கேளு. பேசாம களியைக் கிண்டி ஒரு கோழிக் குழம்பு…"

"களியைப் போய் யாராவது விருந்தாளிக்கு வைப்பாங்களா? நாளைக்குக் காத்தால தண்ணி கூட்டி இன்னொரு தடவை போடறேன். வரும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டாவது பீட்சா ஓவனுக்குள் போனது. பத்து ஐந்துக்கு வீட்டில் கரண்ட் போனது. உத்தமன் மெயின் பாக்ஸ் பக்கமிருந்து கையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஃப்யூஸ் போச்சு. எலெக்ட்ரீஷியன் சாயந்திரம்தான் வருவானாம்."

"பன்னெண்டரைக்கு வந்துடுவாங்களே!"

ஓவன் இல்லை, மிக்ஸி இல்லை. பனீர் இல்லை, பெருங்காயம்கூட இல்லை. வனஜாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மகன் கல்யாணம் தன் கையாலேயே கெட்டதே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உத்தமன் ஒரு பையை மேடைமேல் வைத்தார். உள்ளே நாட்டுக்கோழி, வெட்டிச் சுத்தம் செய்து தயாராக இருந்தது.

"சும்மா கடைப்பக்கம் போனேன். நல்லா இருந்துச்சு, வாங்கினேன்" என்றார்.

வனஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வீடியோ தேவைப்படவில்லை. மிளகையும் சீரகத்தையும் தனியாவையும் வறுத்து உரலில் இடித்தாள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதங்கிய வாசனைக்குத் தெரு நாய்கள் வாசலில் கூடின. நொய்யை வேகவிட்டு, மெஷினோடு மல்லுக்கட்டி அரைத்து வந்த ராகி மாவைக் கொட்டி, இரண்டு காலாலும் பாத்திரத்தை அண்டக் கொடுத்துக் களி கிண்டினாள். பழக்க தோஷத்தில் நெய்யை எடுத்தவள், நெய்யும் பால்தானே என்று பதறிப்போய் டப்பாவை மூடினாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், பெருங்காயத்துக்குப் பதில் பூண்டைத் தட்டிப் போட்ட ரசம். கடைசியில் தேங்காயைத் துருவி, கையாலேயே பிழிந்து பாலெடுத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் போட்டு ஒரு பாயசம்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். கோவிந்தப்பா, அவர் மனைவி லட்சுமம்மா, பார்கவி. பக்கத்தில் பரத். வனஜா களி உருண்டையை இலையில் வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. இது எங்க வீட்ல தினமும் சாப்பிடறது. ராகிக் களி."

கோவிந்தப்பா இலையையே பார்த்தார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார்.

"முத்தே! களிக்கு எங்க பாஷைல அதான் பேரு" என்றார். குழம்பில் புரட்டி ஒரு வாய் விழுங்கினார். கண்ணை மூடினார். "சக்கத்தா இருக்கு! ஊர்ல எங்கம்மா செஞ்ச மாதிரி இருக்கு. அம்மா, இன்னொண்ணு வைங்க."

இன்னொன்று. அதற்கு மேல் அரை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். பார்கவி பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிவிட்டு, இலையை வழித்தாள். உத்தமனும் பரத்தும் எத்தனையோ நாள் பட்டினி கிடந்தவர்கள் போலச் சாப்பிட்டார்கள். வனஜா கரண்டியும் கையுமாக நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு விருந்தாளி "இன்னும் போடுங்க" என்று கேட்பது இதுதான் முதல் தடவை.

கைகழுவிவிட்டு வந்த கோவிந்தப்பா கும்பிட்டார். "தங்கச்சி, இப்படி ஒரு சாப்பாடா! இந்த வீட்ல என் மக வயிறு வாட மாட்டா. அடுத்த மாசம் இருபதாம் தேதி நிச்சயதார்த்தத்தை வெச்சுக்கலாம்."

பரத் துள்ளிக் குதித்தான். உத்தமன் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

சமையலறையில் வெற்றிலையை எடுக்கப் போன வனஜா, பின்னாலேயே வந்த லட்சுமம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

"நீங்க கவலையே படாதீங்க. உங்க பொண்ணு வந்த பிறகு இந்த வீட்டுக்குள்ள கோதுமையும் நுழையாது, பாலும் நுழையாது. மில்காரரைக்கூட மடக்கிட்டேன்னா பாத்துக்கோங்க. அந்த ராகி பீட்சாவையும் விடப் போறதில்ல. கத்துக்கிட்டு வாரா வாரம் போடுவேன். ஆமா, குழந்தைக்கு இந்த வியாதி எத்தனை வயசுல வந்துச்சு?"

லட்சுமம்மா வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"போன புதன்கிழமைதான் வனஜாவ்ரே. உங்க வீட்டுக்காரரும் பையனும் போனை ஸ்பீக்கர்ல போட்டு, பார்கவிகிட்ட 'கோதுமையும் பாலும் ஆகாதுன்னு மட்டும் சொல்லிடும்மா, இல்லேன்னா உங்கப்பாவுக்குப் பாஸ்தா போட்டுடுவா, கல்யாணமே நின்னுடும்'னு அழாத குறையா கெஞ்சினாங்களே, அப்போ வந்ததுதான்!"