வெள்ளைக் கரடியின் மூக்கு

மான்கொம்பை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் என்பது எங்கள் ஊர் பழுகாமத்தில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வீக்கம் கண்டால் தேசிக்காய்ச் சாறு விட்டு அதைக் கல்லில் உரைத்துப் பூசுவதுதான்.

கனடாவின் வடகோடியில், பனிக்குள் வேலை பார்க்கிற என் மருமகன் ஒரு வெள்ளைக் கரடி அனுப்பியிருந்தார். அங்குள்ள இனுவிட் சனத்தில் ஒரு கிழவர் பனிமான் கொம்பில் செதுக்கி, அவருக்கு அன்பாகக் கொடுத்ததாம். உள்ளங்கை அளவு, ரோமம்கூடக் கீறியிருந்தது.

"பத்திரமா வைங்க மாமி" என்றார். வைத்தேன். முழங்கால் வீங்கும்வரை வைத்தேன்.

முதலில் மூக்கு நுனி மட்டும்தான் உரைத்தேன். வலி குறைந்ததும் பெருமை தாங்கவில்லை. (பெருமை என் பிறவி வியாதி, அதற்குக் கொம்பும் மருந்தில்லை.) "வெளிநாட்டுக் கொம்பு புள்ள, கொஞ்சம் உரைச்சாலே காணும்" என்று பக்கத்து வீட்டுப் பூமணியிடம் சொன்னேன். அவள் தெருவுக்கே சொன்னாள். குதிக்கால், தோள்மூட்டு, வீங்கின கன்னம் எல்லாம் என் வாசலுக்கு வந்தன. கரடி கண்வரை கரைந்துபோனது.

அப்போதுதான் மகள் போன் எடுத்தாள். "அம்மா, நாளைக்கு வீடியோவில அந்தக் கிழவரும் வாறார். தன்ட கரடி உங்கட வீட்டில எப்படி இரிக்கெண்டு பாக்கணுமாம்."

மருமகனின் மானம் என் உரைகல்லில் கிடந்தது. வேலியடியில் நின்று பூமணியைக் கூப்பிட்டேன்.

"என்னகா செய்யிற, பூமணி?"

"மாவில ஒரு மூக்குப் பிடிச்சு வைப்பம்."

அரிசிமாவைப் பிசைந்து முகம் வைத்தோம். பார்க்கப் பன்றிபோல இருந்தது.

மறுநாள் போனில் கிழவர் வந்தார். சிரிக்காத முகம். நான் கரடியின் முதுகையே காட்டிக்கொண்டிருந்தேன்.

"முன்பக்கம் மாமி" என்றார் மருமகன்.

மெல்லத் திருப்பினேன். மூக்கு கழன்று நிலத்தில் விழுந்தது. பூமணியின் கோழி அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"மாமி... என்ன நடந்த?"

"முழங்காலுக்கு உரைச்சிட்டன், மருமகன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கிழவருக்கு மொழிபெயர்த்தார். கிழவர் என்னையே பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"கால் சுகமாகிட்டாமா எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லுங்க."

கிழவர் காற்சட்டையைச் சுருட்டித் தன் வீங்கின முழங்காலைக் காட்டினார். எப்படி உரைப்பது என்று நான் கையால் காட்டினேன். (தேசிக்காய்க்கு அங்கே எங்கே போவார்?)

அடுத்த பொதியில் புதுக் கரடி ஒன்றும் செதுக்காத கொம்புத் துண்டு ஒன்றும் வந்தன. எது பார்க்க, எது உரைக்க என்று மருமகன் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

இன்றும் வீடியோவில் பேசும்போது நான் முழங்காலைத் தடவினால் போதும், மகள் கனடாவிலிருந்து கத்துவாள்:

"பூமணியக்கா, கரடிய ஒளிச்சு வைங்க!"