இலையற்றவை இறந்தவை என்ற தீர்மானம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யவில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்க்கத்தான் மெல்பேர்ணின் புறநகரொன்றில் ‘ட்ருகனினாத் தமிழர் வசந்தகாலச் சிரமதான சபை’ உதித்தது. குளிர் முடிந்து செப்டெம்பர் பிறந்ததும் அங்கத்தவர்கள் வீடு வீடாகப் போய் வளவுகளைத் துப்புரவாக்குவார்கள். முதல் வீடாக நாகேஸ்வரியின் வீடு ‘ஏகமனதாக’த் தெரிவானது. அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நாகேஸ்வரிக்கு அந்த வளவில் இருந்த ஒரே கவலை அவளுடைய கறிவேப்பிலை. நாலு மாரிகளாக அதை உயிரோடு வைத்திருந்தாள். ஜூன் குளிரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாகிவிடும். உடனே கணவரின் கம்பளிச் சட்டையைப் பிடுங்கி அதற்குப் போர்த்திவிடுவாள். தும்மலும் தடிமனும் கணவருக்கு வந்தன, செடிக்கு வரவில்லை. கோடையில் சபையின் பாதிக் குடும்பங்கள் பையோடு வந்து அதில்தான் ஆய்ந்துகொண்டு போகும்.

சனிக்கிழமை காலை பதினொரு பேர் வந்தார்கள். மண்வெட்டி ஒன்றுதான் வந்தது. போஷகர், உபபோஷகர், கையுறைப் பொறுப்பாளர் என்று பத்துப் பேர் பதவி வகித்தபடியால் அதுவே தாராளம். தலைவர் மகேந்திரராஜா மண்வெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார். குத்துவிளக்கு காற்றில் மூன்று தடவை அணைந்துபோனதால், செயலாளர் சடகோபன் கைப்பேசியின் லைட்டைப் போட்டு விழாவைத் தொடக்கி வைத்தார். ஐடி கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கும் அவர், லேப்டாப் இல்லாமல் புல்லில் கால் வைக்க மாட்டார்.

“முதல்ல டெஃபினிஷன் கிளியரா இருக்கணும். இலை இல்லாததெல்லாம் செத்தது. அதை ரிமூவ் பண்றோம். இலை இருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம், தொடக்கூடாது.”

தீர்மானம் பலத்த கரகோஷத்துடன் நிறைவேறியது. முழங்கால் உயரத்துக்குச் செழித்து நின்ற களைகள் அந்தக் கணமே சட்டப் பாதுகாப்புப் பெற்றன. பதினொரு பேரும் இன்னும் வெறும் குச்சியாகவே நின்ற கறிவேப்பிலைப் பக்கம் திரும்பினார்கள்.

நாகேஸ்வரி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“அண்ணை, அது சாகேல்லை. நித்திரை கொள்ளுது. அடுத்த மாசம் துளிர்க்கும்.”

“ஆதாரம் இருக்கோ தங்கச்சி?” என்றார் மகேந்திரராஜா.

அவள் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே பச்சை. தலைவர் கண்ணாடி போட்டு, குனிந்து, மிகவும் பொறுப்போடு பார்த்தார்.

“ஓம், பச்சைதான். ஆனா தீர்மானம் நிறைவேறிட்டுதே. மாத்திறதெண்டா பதினாலு நாள் அறிவித்தல் வேணும்.”

“அப்ப பதினாலு நாள் பொறுங்கோவன்.”

“சிரமதானம் இண்டைக்கெல்லோ.”

“கவலைப்படாதீங்க அக்கா,” என்றார் சடகோபன். “உங்க கருத்தை மினிட்ஸ்ல பதிவு பண்ணிட்டேன்.”

பதிவு செய்தால் காப்பாற்றியது மாதிரித்தான் என்று நம்பி, பாவம், அவள் பதினொரு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனாள்.

தட்டோடு திரும்பியபோது குச்சி தலைவரின் கையில் வெற்றிக் கிண்ணம்போல உயர்ந்திருந்தது. ஆணிவேர் பாதியில் அறுந்திருந்தது. களைகளை மிதித்துவிடாமல் எல்லாரும் கவனமாகக் குழுப்படத்துக்கு நின்றார்கள். குச்சியின் கணுவில் மிளகளவு சிவந்த முளை ஒன்று எட்டிப் பார்த்ததை நாகேஸ்வரி மட்டும்தான் கண்டாள்.

“வீட்டுக்காரங்க சார்பா ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா,” என்றார் சடகோபன். ஏற்புரை இல்லாமல் எந்த விழாவும் முடிவதில்லை.

நாகேஸ்வரி தட்டைக் கீழே வைத்தாள்.

“மெல்பேர்ண் குளிர் நாலு வருசமாப் பாடுபட்டும் இதைச் சாகடிக்க ஏலாமப் போச்சு. நீங்கள் அரை மணித்தியாலத்தில செய்து முடிச்சிட்டியள்.”

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. சடகோபன் தட்டச்சு செய்தபடியே நிமிர்ந்தார்.

“அக்கா, மினிட்ஸ்ல ‘செய்து முடிச்சிட்டியள்’ங்கிறதுக்கு முன்னாடி ‘வெற்றிகரமாக’ன்னு ஒண்ணு சேர்த்துக்கட்டுமா?”