நான்காவது குறுக்குத் தெரு

"இந்த மேப்பை யார்கிட்டேருந்து எடுத்த, யுவராணி?" ரேணுகா மேடம் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"என்கிட்டேருந்துதான் மேடம்," என்று யுவராணியும் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அங்கே இரண்டு வரைபடங்கள் கிடந்தன. ஒன்று யுவராணியின் எம்.எஸ்சி. ஆய்வேட்டில் இருந்தது. அயனம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் வழிகளைக் காட்டுவது. மற்றது அவள் படிக்கும் புவியியல் துறையின் பேராசிரியர் சிவராமன் நான்கு வருடத்துக்கு முன் எழுதிய புத்தகத்தில் இருந்தது. கால்வாய் இங்கே வளைந்தால் அங்கேயும் வளைந்தது. குட்டை, கோரைக்காடு, ஒற்றை அரசமரம் எல்லாம் இரண்டிலும் அதே இடத்தில் நின்றன.

திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுத்தைத்தான் மோப்பம் பிடிக்கும், படத்தை விட்டுவிடும். இதைக் கண்டுபிடித்தவர் சிவராமனேதான். அவர் தன் புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பவர். அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் ஒரே ஆளும் அவர்தான்.

யுவராணி சொன்னது பொய் இல்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டிலிருந்து அயனம்பாக்கம் வரை கைபேசியும் கையுமாக நடப்பாள். தெரு, கால்வாய், அடிபம்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் இணையத்தில் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடத்தில் ஏற்றுவாள். கூலி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி போட்டால் போதும். அங்கே அவள் பெயர் 'ஆவடி ஆந்தை'. சிவராமன் ஆந்தையிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வரியைத்தான் மறந்துவிட்டார்.

ஆய்வேட்டுக்குக் கால்வாய்ப் படம் தேவைப்பட்டபோது யுவராணியும் ஆந்தையிடமே எடுத்தாள். தான் வரைந்ததுதானே என்று அவளும் அந்த ஒரு வரியைப் போடவில்லை. இந்த வெயிலில் மறுபடி போய் நடப்பானேன் என்று இடத்தைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

"சாரைப் பகைச்சுக்காதம்மா," என்றார் மேடம். படத்துக்குக் கீழே சாருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் விஷயம் அத்தோடு அடங்கிவிடும் என்பது அவர் யோசனை. யாரையும் பகைத்துக்கொள்ளாமலே நெறியாளர் ஆனவர் அவர். யுவராணிக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவளுக்கு இந்தப் பட்டம் வேண்டும். அப்பா வருகிற மே மாதம் டாங்கி ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது, பட்டச் சான்றிதழோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

மறுநாளே விசாரணைக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. புகார் எழுந்த உடனேயே மாணவி பேராசிரியருக்கு நன்றி சேர்த்திருப்பதால், எடுத்ததை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுகிறது என்று அதில் இருந்தது.

குழுவின் தலைவர் பால்ராஜ், வேதியியல் பேராசிரியர். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள யாரையாவது தண்டித்தாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார். யுவராணி அவரிடம் ஆந்தையின் கதை முழுவதையும் சொன்னாள். கைபேசியைத் திறந்து ஆந்தையின் கணக்கையும் காட்டினாள்.

"ஆந்தை நீதான்னு இதுல எங்கம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார் பால்ராஜ்.

எங்கும் போட்டிருக்கவில்லை. அன்று மாலையே வீட்டுக்குப் போய் ஆந்தையின் பக்கத்தில் தன் முழுப்பெயர், படம், கல்லூரி எல்லாவற்றையும் போட்டாள். இணையம் நாணயமானது, எந்தத் தேதியில் மாற்றியது என்பதையும் கீழேயே போட்டுவிட்டது. அடுத்த அமர்வில் பால்ராஜ் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டார். பேராசிரியரிடம் எடுத்தது போதாதென்று இப்போது ஏதோ ஓர் அப்பாவி ஆந்தையின் உழைப்பையும் மாணவி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருப்பதாகக் குழு வருத்தம் தெரிவித்தது.

என்னதான் செய்யட்டும் சார் என்று அவள் கேட்டபோது, பால்ராஜ் பரிவோடுதான் வழி சொன்னார். ஆந்தையிடமிருந்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம்.

யுவராணி ஓர் இரவு முழுக்க யோசித்தாள். பிறகு உட்கார்ந்து, 'ஆவடி ஆந்தையாகிய நான்' என்று தொடங்கி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கையெழுத்து அவள் விண்ணப்பங்களில் இருந்ததைப் போலவே இருந்தது. வேறு எப்படி இருக்கும்? குழு அதைப் போலிக் கடிதம் என்று சேர்த்துக்கொண்டது. ஒரு குற்றத்தோடு உள்ளே போனவள் மீது இப்போது மூன்று குற்றங்கள் இருந்தன.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கோபம்தான் அதிகம். உண்மையைச் சொல்லச் சொல்லத்தான் கழுத்து இறுகியது. பொய் சொன்ன மனுஷன் துறைத்தலைவர் அறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் அவளுக்கு அந்தத் தெரு ஞாபகம் வந்தது.

முதல் வருடத்தில், அவள் நடந்து நடந்து வரைந்ததை ஒரு மனை விற்கும் செயலி அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது. நன்றி கிடையாது. கேட்டால் பதில் கிடையாது. அந்த ஆத்திரத்தில் ஒரு பொறி வைத்தாள். தரையில் இருப்பதை மட்டுமே வரைய வேண்டும் என்பது தன்னார்வலர்களின் முதல் விதி. அதை மீறி, கால்வாய் ஓரத்துக் கோரைக்காட்டில், இல்லாத தெரு ஒன்றை வரைந்தாள். இனி எவன் படத்தில் அந்தத் தெரு இருக்கிறதோ அவன் நம்மிடம் எடுத்தவன் என்பது கணக்கு. அம்மாவின் பெயரையே வைத்து, 'சாமுண்டீஸ்வரி நகர் நான்காவது குறுக்குத் தெரு' என்று எழுதினாள். முதலாவது என்றால் யாராவது சந்தேகப்படலாம். நான்காவது குறுக்குத் தெருவை இந்த ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பரீட்சை வந்தது, பைத்தியம் தெளிந்தது, தெருவை அழிக்க மறந்துபோனாள்.

ஓடிப்போய் சிவராமனின் புத்தகத்தைப் பிரித்தாள். இருந்தது. சின்ன எழுத்தில், கால்வாய்க்குப் பக்கத்தில், அம்மா இருந்தாள்.

"ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, இல்லாத தெருவுக்கு எம் பேருதான் கெடச்சுதா?" என்று கேட்டாள் அம்மா. மகள் இரண்டு வாரத்துக்குப் பிறகு சிரிப்பதைப் பார்த்து அதற்குமேல் திட்டவில்லை.

மறுநாள் குழுவின்முன் யுவராணி புத்தகத்தை விரித்து வைத்தாள். இந்தத் தெரு உலகத்தில் இல்லை, இதை நான் கற்பனையாகப் போட்டேன், என்னிடம் எடுத்தவர் புத்தகத்தில்தான் இது இருக்க முடியும் என்று நிதானமாகச் சொன்னாள்.

சிவராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் நேர்ல நடந்து பார்த்த தெரு அது," என்றார். அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் புத்தகத்தைப் புரட்டி, தானே எழுதிய வரியைப் படித்தும் காட்டினார்: 'சாமுண்டீஸ்வரி நகர் நான்காவது குறுக்குத் தெருவில் நடந்து செல்கையில் மாலைக் காற்று இதமாக வீசியது.'

ரேணுகா மேடம் தரையைப் பார்த்தார். பால்ராஜ் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுறுசுறுப்பானார். வேதியியல்காரருக்கு இது பிடித்திருந்தது. இருக்கிறதா இல்லையா, போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரு இல்லையென்றால் சிவராமன்மேல் நடவடிக்கை. இருந்தால் யுவராணிக்குப் பட்டம் கிடையாது. மாணவியின் பெற்றோரில் ஒருவரும் வர வேண்டும் என்றார்.

கல்லூரி வேனில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். அம்பத்தூர் எஸ்டேட் தாண்டியதும் டிரைவர், எந்தப் பக்கம் போகணும் சார் என்று சிவராமனைக் கேட்டார். நேரில் நடந்து பார்த்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "மேப் போட்டுக்கப்பா," என்றார். அவர் நெற்றியில் வேர்வை வழிவதை யுவராணி ஆசை தீரப் பார்த்தாள். இத்தனை நாள் பட்டதற்கு அந்த வேர்வை போதும் போலிருந்தது.

கைபேசிப் பெண் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்து, நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்றாள்.

வேன் நின்றது. எதிரே ஒரு பலகை இருந்தது. சாமுண்டீஸ்வரி நகர் 1வது குறுக்குத் தெரு. அடுத்து இரண்டு. அடுத்து மூன்று. கடைசியில் நான்கு. இருபுறமும் வீடுகள், வாசலில் கோலம், மாடியில் காயும் துணி, பைக்குகள், ஒரு பிள்ளையார். கோரை ஒரு தட்டைகூட இல்லை. அரசமரத்தைக் காணோம். கால்வாய் இருந்த இடத்தில் சிமெண்டு ரோடு பளபளத்தது.

யுவராணி நான்கு பலகைகளையும் மறுபடி மறுபடி படித்தாள். அவள் வரைந்தது நான்காவது ஒன்றைத்தான். மற்ற மூன்றையும் யார் வரைந்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"இருக்கேடி," என்றாள் அம்மா. குரலில் பெருமை இருந்தது. பலகையின் பக்கத்தில் நின்று, அப்பாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னாள்.

சிவராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வேனிலிருந்து இறங்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "அந்தக் காத்து அப்படியே இருக்கு," என்றார். பால்ராஜ் கோப்பைப் பிரித்து எழுத ஆரம்பித்தார்.

"சார், இது உங்க புத்தகத்துக்கு அப்புறம் வந்த தெரு," என்றாள் யுவராணி. "அப்ப இங்க ஒண்ணுமே இல்ல. கால்வாய்தான் இருந்துச்சு."

"சாட்சி இருக்கா?" என்று கேட்டார் பால்ராஜ், தலையைத் தூக்காமல்.

நான்காவது தெருவின் முதல் வீட்டில் ஒருவர் கொத்துக்கரண்டியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுவரில் இடுப்பளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. பக்கத்து வீட்டுச் சுவரிலும், அதற்கடுத்த வீட்டிலும் அதே உயரத்தில் அந்தக் கோடு இருந்தது. யுவராணி ஓடிப்போய் அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் பெயர் சின்னப்பையன். செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோனில் மூட்டை ஏற்றும் வேலை. அப்பா காலத்தில் அங்கேதான் கூலிக்கு நாற்று நட்டார்களாம், இப்போது அந்த வயல் மேல்தான் குடோன். இருந்ததையெல்லாம் விற்று இந்த வீட்டைக் கட்டியதாகவும், மழை வந்தால் குடும்பத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

"அண்ணே, நீங்க இடம் வாங்க வந்தப்ப இந்தத் தெரு இருந்துச்சா?"

"தெருவா? மூணு வருசத்துக்கு முன்னால வந்தேன். இங்க ஒரு தெருவும் கெடையாதும்மா. கோரைதான். கால்வாய்ல தண்ணி போய்கினு இருந்துச்சு."

யுவராணிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவள் இத்தனை நாள் தேடியது ஒரு கடிதத்தையோ கையெழுத்தையோ அல்ல, இந்த மனிதரைத்தான். என் படிப்பே போகப் போகிறது அண்ணே, இதை மட்டும் அந்தச் சாரிடம் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கையிலிருந்த சுண்ணாம்பைக் கைலியில் துடைத்துக்கொண்டு, உடனே செருப்பை மாட்டினார். பால்ராஜ் கோப்போடு நின்றிருந்த இடத்துக்கு அவளுக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, அவள் பக்கம் திரும்பினார்.

"வந்து சொல்றேம்மா, எனக்கு இன்னா பயம். கால்வாய்ல எவனாவது மனை வாங்குவானான்னு அவரு கேப்பாரு, அதுக்கும் பதில் கீது. எவனோ ஒருத்தன் போன் மேப்புல இங்க நாலாவது தெருன்னு போட்டு வெச்சிருந்தான், அத்த காட்டித்தான் எங்க தலையில கட்டினாங்கோ. அவன் எவன்னுதான் மூணு மழையா நாங்க அத்தினி பேரும் தேடிகினு கீறோம்."