அப்ஜெக்டிவ் அண்ணன்

நம்ம திண்டுக்கல்லில் அப்ஜெக்டிவ் அண்ணன் என்றொரு இனம் உண்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த டி.டி.பி. சென்டரிலாவது ஒரு பிள்ளை பயோடேட்டா அடிக்க உட்கார்ந்தால் போதும், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அதை மறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்குள்ளேயே கழுத்தை நீட்டி, பேரையும் படிப்பையும் மார்க்கையும் தாண்டி, வேலை தேடுவதன் நோக்கத்தைச் சொல்லும் ‘அப்ஜெக்டிவ்’ என்ற அந்த ஒற்றை வரியில் போய் நிற்பார். அவரை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

ரொனால்டு அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமனாரின் டயர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். தொண்ணூற்று நாலில் மதுரையில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்குப் போனார். அப்ஜெக்டிவ் போடாததால்தான் அந்த வேலை கிடைக்கவில்லை என்று ஒன்பது வருஷமாக நம்புகிறார்.

ஒருநாள் சென்டரில் அவரிடம் மாட்டியவள் அகரத்து ஐரின். பி.காம். முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் ஒரே ஓர் இடம். மாலை ஐந்துக்குள் மில் கேட்டில் பயோடேட்டாவைக் கொடுத்தாக வேண்டும். அப்போது மணி மூன்று.

"என்னம்மா, அப்ஜெக்டிவ் இல்லையா? குறிக்கோளே இல்லாத பிள்ளைன்னு நெனச்சிர மாட்டாய்ங்களா?"

சென்டர்காரர் மீரான் ஒரு வரியை ஒட்டினார். சவாலான சூழலில் உழைத்து நிறுவனத்தை உயர்த்துவேன் என்று, எல்லோருக்கும் ஒட்டுகிற அதே ஆங்கில வரி. போன வாரம் டிரைவர் வேலைக்குப் போனவரும் அதைத்தான் கொண்டுபோனார்.

"இது பழசு மீரான். எடுத்துருங்க." எடுத்தார். "இப்ப மொட்டையா இருக்கே. போடுங்க." போட்டார். "சவாலுன்னு போட்டா அம்புட்டு வேலையையும் இவ தலையில கட்டிருவாய்ங்க." மறுபடி எடுத்தார்.

"அண்ணே, எனக்கு வேலைதாண்ணே வேணும். அதையே எழுதிரவா?"

"செத்த நேரம் பொறும்மா. அவசரத்துல எழுதுற வரியா இது?"

அண்ணன் அவள் அப்பாவோடு கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். மரியாதை இல்லாமல் எழுந்து போக முடியுமா? இருந்தாள். வரியே வேண்டாம் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னபோது நாலே முக்கால். பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது ஐந்தரை. வாங்க ஆளில்லை. திரும்பும் வழியெல்லாம் பிள்ளை அழுதிருக்கிறாள்; எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணனுக்கு? "அந்த மில்லே சரியில்லம்மா, தப்பிச்ச" என்றார் மறுநாள்.

அதெல்லாம் போகட்டும். படிக்கும்போது, அந்த வரியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு யோசனை வந்ததா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஐரின் வேறொரு வேலைக்கு பயோடேட்டா அடிக்கப் போகிறாள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே இருங்கள்.