என் மகளைப் பரீட்சைக்குத் தயார் செய்த கதை

எவால்யுவேஷன் என்ற வார்த்தையைப் பார்த்ததும், அதில் பாஸ் பண்ணியே ஆகவேண்டும் என்று கிளம்பிய அசடு நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1998. நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டரில் இருந்தோம். மகள் காவ்யாவுக்கு ஐந்து வயது. மற்ற குழந்தைகள் நடக்கும் இடத்தில் ஓடுவாள், ஓடும் இடத்தில் ஏறுவாள். கோயிலில் அர்ச்சனை முடிவதற்குள் வெளியே கிடக்கும் செருப்புகளையெல்லாம் அளவு வாரியாக அடுக்கிவிடுவாள். (ஜோடி கலைந்துவிடும். ஆனால் வரிசை பிரமாதமாக இருக்கும்.) பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் டிவி விளம்பரத்தை ஒரு தடவை கேட்டால் போதும், அதே குரலில் அப்படியே ஒப்பிப்பாள்.

கிண்டர்கார்டன் டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஏடிஎச்டியாக இருக்கலாம், ஆட்டிசமாகவும் இருக்கலாம், எவால்யுவேஷனுக்கு அழைத்து வாருங்கள் என்று. என் கணவர் சேகர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சின்ன வயசுல நானும் இப்படித்தான் இருந்தேனாம்" என்றார். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் தேதி, நேரம், இடம். நான் சென்னையில் எல்.கே.ஜி. சீட்டுக்கே இண்டர்வியூ கொடுத்தவள். விடுவேனா?

இரண்டு வாரம் சமையலறை மேஜையில் கோச்சிங். கை கட்டி உட்காருவது, குட் மார்னிங் சொல்வது, வாரத்தின் ஏழு நாட்கள், கலர்களின் பெயர்கள். கொஞ்சம் தடுமாறினாலும் குழந்தையைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம். அதைச் சேகரிடம்கூட நான் சொல்லவில்லை.

மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக ஒரு அம்மாள். தரையெல்லாம் பொம்மைகள். காவ்யா ஒன்றையும் தொடவில்லை. நாற்காலியில் ஏறி, கை கட்டிக்கொண்டு, "குட் மார்னிங்!" என்றாள். (மணி மதியம் இரண்டு.) எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன விளையாடப் பிடிக்கும், காவ்யா?" என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

"மண்டே, ட்யூஸ்டே, வெட்னஸ்டே..."

"எப்போ உனக்கு அழுகை வரும்?"

"ரெட், ப்ளூ, க்ரீன்!"

பதில்கள் அத்தனையும் சரி. அந்த அம்மாள்தான் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து, "வீட்டுல அம்மா உன்னோட என்ன பண்ணுவாங்க?" என்றார். காவ்யாவின் முகம் பளிச்சென்றது. விரலை நீட்டினாள். அச்சு அசலாக என் குரல் வந்தது, தமிழில். "காலை ஆட்டாதே! நேரா உக்காரு! இன்னொரு தடவை எழுந்தே, பிச்சுடுவேன் பிச்சு!"

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா?"

"ஐ லவ் யூ மம்மின்னு சொல்றா" என்றேன்.

சேகருக்கு இருமல் வந்துவிட்டது. காவ்யா நிறுத்தவில்லை. நான் அவளிடம் பாதி நேரம் இங்கிலீஷில் பேசியதன் பலன் இப்போது வந்தது. "டோன்ட் டெல் அபவுட் தி கார். ஓக்கே? நோ கார். டாடி வில் க்ரை."

டாக்டரின் பேனா நின்றது. "எந்தக் கார்?"

"நான் எப்போ அழுதேன்?" என்று சேகர் என்னைத் தமிழில் கேட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. சேகரே சொன்னார். ஒரு சனிக்கிழமை காரை ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டுப் பர்ஸ் எடுக்க உள்ளே போயிருக்கிறார். பின்சீட்டிலிருந்த காவ்யா முன்னால் தாவி கியரைத் தள்ளிவிட்டாள். கார் டிரைவ்வேயில் பின்பக்கமாக உருண்டு, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மெயில்பாக்ஸைச் சாய்த்துவிட்டு நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே கைதட்டிக்கொண்டிருந்தாள். சேகர் புல்தரையில் உட்கார்ந்து...

"கொஞ்சம்தான் அழுதேன்" என்றார்.

டாக்டர் நோட்டை மூடி வைத்தார். "எவ்வளவு நாளா இவளை ட்ரெயின் பண்றீங்க?"

"ரெண்டு வாரம்" என்றேன்.

"எனக்கு அந்தக் காரை உருட்டின பொண்ணைத்தான் பார்க்கணும். அவளைப் பத்திச் சொல்லுங்க."

அவ்வளவுதான், அழுதுகொண்டே ஆரம்பித்தேன். பார்க்கிங் லாட்டில் என் கையை உதறிக்கொண்டு ஓடுவது, சட்டை லேபிள் குத்துகிறது என்று ஒரு மணி நேரம் கத்துவது, ஒரு தடவை கூப்பிட்ட வீட்டில் மறுதடவை எங்களைக் கூப்பிடாதது. நடுவில் என் நாத்தனார் கல்யாணமும் வந்தது, எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. கோச்சிங்கிலிருந்து விடுதலையான காவ்யா அதற்குள் ஃபைல் அலமாரியைத் திறந்து, டாக்டரின் ஃபைல்களையெல்லாம் கலர் வாரியாகத் தரையில் பரப்பியிருந்தாள். நான் பதறி எழுந்தேன். டாக்டர் கையமர்த்திவிட்டு நோட்டை மறுபடி திறந்தார். அவர் எழுத வேண்டியதெல்லாம் அப்போதுதான் ஆரம்பித்தது போலிருந்தது.

இன்னும் இரண்டு தடவை போனோம். நான் பயந்த மாதிரி அவளை ஒதுக்கவில்லை. அதே வகுப்பில், பக்கத்தில் உட்கார ஒரு உதவி டீச்சர் வந்தார். காலையில் மணி அடித்ததும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு உள்ளே வரலாம் என்று தனி அனுமதி. அதற்கப்புறம் அவள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததே இல்லை.

இதற்கெல்லாம் வழி செய்த ரிப்போர்ட் பதினோரு பக்கம். பத்தாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுக்க என்னைப் பற்றி. 'தாய் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. அவரைப் பலமுறை விஷயத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது.' இங்கிலீஷில் அதற்கு 'ரீடைரக்‌ஷன்' என்று போட்டிருந்தது.

காவ்யா இப்போது சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் காப்பி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் முதலில் காட்சி. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பக்கத்து வீட்டு வளைகாப்பில் தொடங்கி எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது, ரொம்ப மரியாதையாக இடைமறிப்பாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ. மதர் நீட்ஸ் ரீடைரக்‌ஷன்."

மாடியில் இன்னொரு போனை எடுத்து வைத்துக்கொண்டு சேகர் சிரிப்பது எனக்கு நன்றாகக் கேட்கும்.