கல்யாண ஆல்பத்துக்கு மூன்று காவல்காரர்கள்

"இன்னிக்கு நம்ம கல்யாண நாளுங்க" என்று இருபத்துநாலு வருஷமும் காலையில் ஞாபகப்படுத்தியவள் என் மனைவி ஜோதிமணிதான். இருபத்தைந்தாவது வருஷம் அவளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை, நான் முந்திக்கொள்வது என்று சபதம் எடுத்தேன்.

பழைய ஆல்பத்தை ஒவ்வொரு போட்டோவாக ஸ்கேன் செய்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டு, நாதஸ்வரம் சேர்த்து, தானாக ஓடும் படமாக்கினேன். ஒரு மாத வேலை. ஆனால் மைசூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஜோதி ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி லிஸ்ட் பார்க்க அவளும் அதில்தான் உட்காருவாள். அவளைத் தள்ளி நிறுத்த ஒரு பொய் தேவைப்பட்டது.

"ஜோதி, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்திருக்குது. ஒரு வாரம் பக்கத்துல போகாதே."

"ஜுரம் எத்தனைங்க?"

"விளையாடாதே. இது ஆபத்து."

"க்ளவுஸ் போட்டுக்கட்டுங்களா?"

பொய்க்கும் ஒரு மரியாதை வேண்டாமா? உண்மையாகவே ஒரு ஆன்டி வைரஸ் வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டரோடு வந்த ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தது. பக்கத்து வீட்டு உமேஷ் எட்டிப்பார்த்து, "சித்தையன் சார், இதெல்லாம் சாதா. என்கிட்ட ஒண்ணு இருக்கு பாருங்க, யமன்" என்று பென் டிரைவ் கொடுத்தார். அதையும் போட்டேன். ஆக மொத்தம் மூன்று. வீட்டுக்கு மூன்று வாட்ச்மேன் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தது என் புத்தி.

மூன்றுக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்றை ஒன்று திருடன் என்று பிடித்துக்கொண்டன. மவுஸை அசைத்தால் அம்பு பக்கத்து ஊர் நஞ்சன்கூடு வரை போய்விட்டுத்தான் திரும்பி வந்தது. ஆபீசுக்கு லீவு போட்டு நேற்று முழுக்க அதன் முன்னாலேயே தவம் கிடந்தேன். நடுவில் ஜோதி வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுங்களா?"

"ஒண்ணுமில்ல, போ."

இன்று விடிந்தது. ஜூன் பன்னிரண்டு. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் படத்தைத் தேடினேன். காணோம்! ஒரு மாத வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், என்ன படம் என்பதை மட்டும் தவிர.

ஜோதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மூணுங்களா! ஒரு பேஷண்ட்டுக்கு மூணு டாக்டரு ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் மருந்து குடுத்தா என்னத்துக்கு ஆகும்?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"சும்னே இருங்க."

இரண்டைக் கழற்றி எறிந்தாள். மிச்சமிருந்ததைத் திறந்து எதையோ தட்டினாள்.

"சந்தேகப்பட்டு குவாரன்டைன்ல வெச்சிருக்குதுங்க. உசுரோடதான் இருக்குது. இது நீங்க செஞ்சதுங்களா?"

"என் கையால செஞ்சது."

"அப்பச் சரி. டிஸ்சார்ஜ்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வார்டு கம்ப்யூட்டரை யாரு பாத்துக்கறாங்கன்னு நெனைச்சீங்க?"

படத்தை ஓட விட்டேன். பட்டுப் புடவையில் மருண்டு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் ஜோதி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை விடவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவள் பிடித்தால் எனக்குக் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கிறது.

முடிவில் பெரிய எழுத்தில் தேதி வந்தது.

"ஜோதி, இன்னிக்கு நம்ம கல்யாண நாள்" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக முந்திக்கொண்டேன்!

அவள் கண்ணைத் துடைத்தாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க. இந்தத் தேதிய எங்கிருந்து எடுத்தீங்க?"

"போட்டோ மூலையிலயே அடிச்சிருக்குதே."

"அதெல்லாம் மைசூர்ல வெச்ச ரிசப்ஷன் போட்டோங்க. ஊர்ல, கௌதள்ளியில தாலி கட்டறப்ப போட்டோகாரரு பஸ்ஸை விட்டுட்டாரு" என்று என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள். "நம்ம கல்யாண நாளு நேத்துங்க."